வங்கியை மாற்றுமுன் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்

கேள்வி: வணக்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருடமாக ஒரே பொதுத்துறை வங்கியில்தான் கணக்கு, பென்ஷனும் அதில்தான் வருகிறது. மாதத்தின் முதல் வாரத்தில் அதன் ஆப் பாதி நேரம் திறப்பதே இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன், "பெரிய தனியார் வங்கிக்கு மாறிவிடுங்கள் அப்பா" என்கிறான். பக்கத்து வீட்டுக்காரரோ கரூர், கும்பகோணத்தில் தலைமையகம் உள்ள நம்மூர் வங்கிகளே போதும் என்கிறார். ஆன்லைன் வசதிக்கு எந்த வங்கி நல்லது? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஐயா, எல்லா வங்கியிலும் ஒன்றுபோலவே கிடைப்பவற்றை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், 2 லட்சத்துக்கு மேல் அனுப்பும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் நடக்கின்றன. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் அனுப்ப 2020 ஜனவரியிலிருந்து கட்டணமே கிடையாது. இதெல்லாம் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு வங்கி இதையே தன் பெருமையாக விளம்பரம் செய்தால் அதற்கு மதிப்பெண் போட வேண்டாம். உடனடியாகப் பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ் முறைக்கான கட்டணம், டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு ஆகியவைதான் வங்கிக்கு வங்கி மாறும். குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தை ஸ்டேட் வங்கி 2020-லும் இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் சேமிப்புக் கணக்குகளுக்கு நீக்கிவிட்டன. தனியார் வங்கிகள் பல, கணக்கில் ஆயிரக்கணக்கில் இருப்பு வைக்கச் சொல்லும். கணக்கு தொடங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் என்றால் ஆப் படுக்காது என்று மகன் நினைப்பது சரியில்லை. அடிக்கடி சேவை நின்றுபோனதால், புதிய டிஜிட்டல் சேவைகளைத் தொடங்கக் கூடாது என்று 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கிக்கே ரிசர்வ் வங்கி தடை போட்டது. அது முழுதாக நீங்க 2022 மார்ச் ஆனது. கோடக் மகிந்திரா வங்கி ஆன்லைனில் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் விதித்த தடை 2025 பிப்ரவரி வரை இருந்தது. பொதுத்துறையிலும் இது நடந்திருக்கிறது. ஆப்பில் ஆட்களைச் சேர்த்த விதத்தில் குறை இருந்ததால் பேங்க் ஆஃப் பரோடாவுக்கு 2023 அக்டோபரில் தடை வந்து, 2024 மே மாதம் விலகியது. அரசா தனியாரா என்று பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

நான் முதலில் பார்ப்பது வேறு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டவுன் பஸ்ஸில் என் போனையும் பர்ஸையும் யாரோ அடித்துவிட்டார்கள். மனைவியின் போனிலிருந்து வங்கியை அழைத்தேன். கார்டின் 16 இலக்க எண்ணைச் சொல் என்றார்கள். கார்டே போய்விட்டதே, எண்ணுக்கு எங்கே போவேன்? ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, ஒரு மனிதரின் குரலைக் கேட்பதற்குள் நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. அந்த ஆப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அன்றைக்கு அது எனக்கு ஒரு பைசாவுக்கும் உதவவில்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்குப் பண மதிப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் யாரோ பணத்தை எடுத்துவிட்டால், 3 வேலை நாளுக்குள் நீங்கள் புகார் செய்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழும். தெரியாமல் ஓடிபியைச் சொல்லிவிட்டால், புகார் செய்யும் வரை போனது உங்களுடையது. புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே புகார் செய்வதை எந்த வங்கி சுலபமாக வைத்திருக்கிறதோ அதுதான் நல்ல ஆன்லைன் வங்கி. இப்படி ஏதும் நடந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

இதைச் சோதிப்பது எளிது. நீங்கள் நினைத்திருக்கும் வங்கியின் உதவி எண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்கு, வேறொருவர் போனிலிருந்து அழையுங்கள். தமிழில் பேச ஆள் வருகிறாரா, போனும் கார்டும் கையில் இல்லாவிட்டால் கணக்கை எப்படி முடக்குவார்கள் என்று கேளுங்கள். தினசரி அனுப்பும் வரம்பை நீங்களே ஆப்பில் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ஓய்வுக்காலப் பணம் எஃப்டியில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆப்புக்குள் நுழைந்த திருடன் அந்த எஃப்டியையும் இரண்டே நிமிடத்தில் முறித்துவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிளைக்கு நேரில் வந்தால் மட்டுமே முறிக்கும்படி வைக்க வழி உண்டா என்று மேலாளரிடம் அவசியம் கேளுங்கள்.

என் யோசனை: பென்ஷன் கணக்கை விடாதீர்கள். இன்னொரு வங்கியில் சிறிய கணக்கு ஒன்று தொடங்கி, மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் அதில் போட்டு, யுபிஐயை அதோடு இணையுங்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று கைகொடுக்கும், திருடன் நுழைந்தாலும் சேதம் சிறியது. வங்கி மூழ்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் என்பதால், பெரிய தொகையை இரண்டு வங்கியில் பிரித்து வைப்பதும் நல்லது. மூன்று மாதம், 1-ஆம் தேதியிலிருந்து 5-ஆம் தேதி வரை தினமும் நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். கரூரா, கும்பகோணமா, பெங்களூர் மகன் சொன்னதா என்பது தானே தெரிந்துவிடும்.

அப்புறம், நெட் பேங்கிங் முகவரியைப் பாருங்கள். வங்கித் தளங்கள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வேறு மாதிரி முடியும் லிங்க் எஸ்எம்எஸ்ஸில் வந்தால் தொடாதீர்கள்.

கேள்வி: யுபிஐயில் தம்பிக்கு 4,000 ரூபாய் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்தது, அவனுக்குப் போய்ச் சேரவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. வங்கியை மாற்றிவிடட்டுமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பணத்தைச் சேர்க்க முடியாமல் போனால், மறுநாளுக்குள் அதைத் திருப்பி அனுப்ப வேண்டியது பெறுபவரின் வங்கி. தவறு தம்பியின் வங்கியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுநாளையும் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நீங்கள் கேட்காமலே அது வந்திருக்க வேண்டும். திங்கள் அனுப்பி வெள்ளி திரும்பியது என்றால் உங்களுக்கு 300 ரூபாய் பாக்கி. பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழி கேட்க 14448-க்கு அழையுங்கள்.