பெண்ணியம் பேசிக்கொண்டே பெண்கள் ஃபேஷன் பத்திரிகையில் வேலை செய்ய முடியுமா?

நீங்கள் கேட்டது இது: மேக்கப் போடுவதில்லை, "பெண் மாதிரி" உடுத்துவதில்லை, பெண்ணியம் பேசுகிறேன், இப்போது ஒரு பெண்கள் ஃபேஷன் பத்திரிகையில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா, போனால் கொள்கையை விற்றதாக ஆகிவிடுமா.

நான் ஒன்பது வருடமாக அப்படி ஒரு மாத இதழில் காப்பி எடிட்டராக இருக்கிறேன். முடியை ஒட்ட வெட்டியிருப்பேன், புருவம் திருத்துவதில்லை, கை கால் முடியை எடுப்பதில்லை, ஆண்கள் பிரிவில் வாங்கிய சட்டையும் நிஜமான பாக்கெட் வைத்த பேன்ட்டும்தான் என் உடை. அட்டைப்படத்தின் மேல் வரும் பெரிய எழுத்திலிருந்து ஒரு உதட்டுச்சாயத்தின் கீழே வரும் கேப்ஷன் வரைக்கும் இதழில் அச்சாகிற ஒவ்வொரு வரியும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் என் பதில்: போகலாம். முரண்பாடு இல்லையா என்றால் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று நான் முதலில் நினைத்த இடமும் இப்போது நினைக்கிற இடமும் வேறு.

சேர்ந்தது சம்பளத்துக்காக, அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. நிலைத்தது ஒரு வினைச்சொல்லால்.

முதல் மாதம் எனக்கு வந்தது "உங்கள் உடல்வாகுக்கு எந்த உடை" என்ற வகைக் கட்டுரை. இரண்டே பக்கம். அதில் "மறைக்க" என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்தது. வயிற்றை மறைக்க, கைச் சதையை மறைக்க, தொடையை மறைக்க, கழுத்துச் சுருக்கத்தை மறைக்க. சாதாரணமாகப் புரட்டும்போது இது கண்ணில் படாது, சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் படித்தபோதுதான் உறைத்தது: இதைப் படிக்கிற பெண் ஏதோ குற்றத்தைச் செய்துவிட்டு அதை உடம்பில் ஒளித்து வைத்திருப்பது போல அல்லவா நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் "ஒல்லியாகக் காட்டும்" என்ற சொல்லைப் பாருங்கள். யாருக்குக் காட்டும்? அந்த வாக்கியத்தில் உடை இருக்கிறது, உடம்பு இருக்கிறது, பார்க்கிறவர் மட்டும் சொல்லப்படவே இல்லை, ஆனால் அவருக்காகத்தான் முழு வாக்கியமும். அந்தப் பதினொன்றையும் அடித்துவிட்டு துணி என்ன செய்யும் என்று எழுதினேன். இது மெல்லிய பருத்தி, வியர்த்தால் ஒட்டாது. இந்த வெட்டில் தோள் தாராளமாக அசையும், கையைத் தூக்கினால் இடுப்பில் இழுக்காது. இந்தப் பையில் ஒரு ஃபோன் உள்ளே போகும்.

ஃபேஷன் பக்கங்களைப் பார்க்கிற எடிட்டர் நேராக என் இடத்துக்கு வந்தார். "ஏம்மா, எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கே?" என்றார். துணியைப் பற்றிச் சொன்னால் வாங்குகிறவருக்கு உபயோகம், வயிற்றைப் பற்றிச் சொன்னால் அவருக்கு வருத்தம்தான் மிச்சம் என்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தார். "இதுதான் நல்லா இருக்கு, இதையே போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்கிறவர் இல்லை, இன்றுவரை இல்லை. ஆனால் எழுத்து தெரிந்தவர்.

அன்றிலிருந்து என் கணினிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மறைக்க, ஒல்லியாகக் காட்ட, வயதைக் குறைத்துக் காட்ட, பிரச்சினைப் பகுதி, கச்சிதமான உடல். கடைசியாகச் சேர்த்தது "துணிச்சல் உள்ளவர்கள் அணியலாம்". கேட்க நல்ல சொல் மாதிரி இருக்கும் இது. ஒரு குண்டான பெண் கையில்லாத சட்டை போடுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று நாமே அச்சடித்துச் சொன்னால், வெளியே அவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு நாம் முன்கூட்டியே இடம் ஒதுக்கித் தருகிறோம். நான் இல்லாத நாட்களில் இந்தச் சொற்கள் திரும்ப வந்துவிடும். வந்ததும் அடிப்பேன். வேலையே அதுதான்.

இப்போது கெட்ட பகுதி. பெரும்பாலான ஃபேஷன் பத்திரிகைகள் நிற்பது வாசகர் கொடுக்கும் காசில் இல்லை, விளம்பரத்தில். விளம்பரம் கொடுப்பவர் பக்கத்தை மட்டும் வாங்குவதில்லை, அந்தப் பக்கத்தின் அக்கம்பக்கத்தையும் எதிர்பார்ப்பார். முகக் க்ரீம் விளம்பரத்துக்கு எதிர்ப்பக்கம் சருமப் பராமரிப்புக் கட்டுரை வந்தால் அவருக்குச் சந்தோஷம், தோல் நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்தால் ஃபோன் வரும். அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் குளோரியா ஸ்டைனம் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய 'மிஸ்' என்ற பெண்ணியப் பத்திரிகை 1972 முதல் விளம்பரத்தோடுதான் வந்தது, பிறகு 1990இல் விளம்பரமே இல்லாமல் மறுபடி வெளிவந்தபோது, அத்தனை வருடம் விளம்பரதாரர்கள் என்னென்ன கேட்டார்கள் என்று அவர் அதிலேயே விவரமாக எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அதே கோரிக்கைகள் என் மேசையிலும் இருந்தன.

எனக்கும் ஒரு முறை வந்தது. தோலை வெளுப்பாக்கும் க்ரீமுக்குக் கட்டுரை போலத் தோன்றும் ஒரு விளம்பரம் எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன். வேலை போகவில்லை, எடிட்டர் வற்புறுத்தவும் இல்லை, வேறொருவர் எழுதினார், பக்கம் அச்சானது. என் மறுப்பால் என் கை மட்டும்தான் சுத்தமாக இருந்தது, அதைப் படித்துத் தன் நிறத்தை வெறுத்த சிறுமிக்கு எந்த லாபமும் இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது. அதற்கப்புறம் நான் செய்தது ஒன்றுதான்: இந்த மாதிரிப் பக்கங்களின் தலையில் "விளம்பரம்" என்று படிக்கக்கூடிய அளவு எழுத்தில் போட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினேன். ஒத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

படங்கள் விஷயத்திலும் உள்ளே இருந்தால்தான் புரியும் சில உண்டு. மாடல்கள் ஏன் இவ்வளவு ஒல்லி என்று வெளியிலிருந்து கேட்கும்போது யாரோ ஒருவருடைய ரசனை என்று நினைத்திருந்தேன். ரசனையும் இருக்கிறது. ஆனால் ஷூட்டுக்கு வருகிற உடைகள் கடைக்குப் போகும் முன்பே, மாதக்கணக்கில் முன்னால், ஒரே அளவில் தைக்கப்பட்ட சாம்பிள்கள். அந்த ஒரு அளவுக்குள் நுழைகிற உடம்பைத் தேடுகிறார்கள். அப்படித் தேடிப்பிடித்த உடம்புக்கும் அது சரியாகப் பொருந்தாது, முதுகுப் பக்கம் வரிசையாக க்ளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள், முன்பக்கம் மட்டும் படத்தில் வரும். இத்தனைக்கும் மேலே ரீடச், அதாவது எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று "எனக்கு மட்டும் ஏன் இப்படி நிற்க மாட்டேங்குது" என்று நொந்துபோன அத்தனை பேருக்கும் அந்த க்ளிப்பைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடலின் உடம்பை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் அது திருத்தப்பட்ட படம் என்று எழுத வேண்டும், மீறினால் 37,500 யூரோ அபராதம். அந்தச் சட்டத்தை அச்செடுத்து எங்கள் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன், நம்மைக் கட்டுப்படுத்தாத சட்டத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் ஒரு வருடம் கழித்து முதுகுப்பக்கப் படம் ஒன்று, க்ளிப்புகளோடு, சின்னதாக, எங்கள் இதழில் வந்தது. அதற்கு வந்த அளவு வாசகர் கடிதங்கள் அந்த வருடம் வேறு எதற்கும் வரவில்லை.

அதே இதழில்தான் மாதவிடாய் வலியைப் பற்றி, கருத்தடையைப் பற்றி, சம்பளம் பேரம் பேசுவதைப் பற்றி எழுதுகிறோம். பெண்ணியப் பத்திரிகை என்று பெயர் போட்டிருந்தால் கையிலேயே எடுக்காத பெண்கள் இதைப் படிக்கிறார்கள். லீ மில்லர் ஒரு காலத்தில் மாடல், பிறகு 'வோக்' என்ற ஃபேஷன் பத்திரிகையின் போர்ச் செய்தியாளர். நாஜி முகாம்களில் அவர் எடுத்த படங்கள் 1945 ஜூன் மாத அமெரிக்க 'வோக்'கில் வந்தன, உடைகளும் வாசனைத் திரவியமும் பார்க்க வாங்கிய இதழில். யார் எதைப் படிப்பார்கள் என்று நாமாக முடிவுகட்டுவது தப்பு என்பதற்கு எனக்கு அந்த ஒரு இதழ் போதும்.

நான் தப்பு செய்த கதை ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் சொன்னதாகாது. எங்கள் அழகுப் பக்கங்களை எழுதும் பெண் என்னைவிட எட்டு வயது சின்னவள், தினமும் அடர்த்தியான உதட்டுச்சாயம், உயரமான குதிகால் செருப்பு. அவள் எழுதியதைத் திருத்தும்போது நான் கொஞ்சம் கூடுதலாகவே அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி பக்கம் முடிக்கிற அவசரத்தில் இருவர் மட்டும் இருந்தோம். "அக்கா, நான் போட்டுக்கிட்டு வர்றதைப் பார்த்தா உங்களுக்கு என்னைக் கேவலமாத் தோணுதா?" என்று கேட்டாள். இல்லை என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோன்றியிருக்கிறது. தலை முதல் கால் வரை பார்த்து எடை போடுவதைத்தானே நான் மற்றவர்களிடம் எதிர்த்தேன், அதையே அவளிடம் நான் செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். சின்ன வயதில் முகத்தில் தீக்காயம் பட்டவர்களுக்கு நிறம் பொருத்தி மேக்கப் போடும் ஒரு பெண்மணியிடம்தான் அவள் இந்தக் கலையைக் கற்றாளாம், அதை அன்றைக்குத்தான் சொன்னாள். இப்போது உதட்டுச்சாயப் பக்கத்தை நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். நிறத்தைப் பற்றி எழுதுவோம், எவ்வளவு நேரம் நிற்கும் என்று எழுதுவோம், அது இல்லாமல் உங்கள் வாய்க்கு ஏதோ குறை என்று எழுத மாட்டோம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் மிகப் பெரியது. நான் முரண்பாடு துணியிலும் சாயத்திலும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், அது அந்தத் தூரத்தில் இருக்கிறது.

"அப்படியானால் வெளியே நின்று எதிர்க்கக் கூடாதா" என்று என் தோழிகள் கேட்பார்கள். வெளியே நிற்பவர்களும் வேண்டும், நிச்சயமாக வேண்டும். 1970 மார்ச் 18 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நியூயார்க்கில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற பெண்கள் பத்திரிகையின் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். அதன் எடிட்டர் ஜான் மேக் கார்ட்டர் ஒரு ஆண். பெண் எடிட்டர் வேண்டும், ஊழியர்களுக்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும், பெண்களை இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்றெல்லாம் கேட்டுப் பதினோரு மணி நேரம் இருந்தார்கள். கிடைத்தது அந்த வருட ஆகஸ்ட் இதழில் 8 பக்கம். 1973இல் ஒரு பெண் எடிட்டரானார். உட்கார்ந்தவர்களில் பலர் பத்திரிகைக்காரிகள், இந்த மாதிரி இதழ்களின் பக்கங்கள் எப்படி உருவாகின்றன என்று கையால் அறிந்தவர்கள். அதற்கும் நூறு வருடம் முன்னால், 1867இல், 'ஹார்ப்பர்ஸ் பஜார்' என்ற அமெரிக்க ஃபேஷன் பத்திரிகை தொடங்கியபோது அதன் முதல் எடிட்டர் மேரி லூயிஸ் பூத், பெண்களின் வாக்குரிமைக்காகவும் அடிமை முறைக்கு எதிராகவும் நின்றவர், 1889இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். நம்மைப் போன்றவர்கள் இந்த அறைகளுக்குப் புதியவர்கள் இல்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். விளம்பரப் பிரிவு ஒரு கட்டுரையை மாற்றச் சொன்னால் கடைசி முடிவு யாருடையது? நான் ஒத்துக்கொள்ளாத பக்கத்தில் என் பெயர் போடாமல் இருக்கலாமா? ஒரு படத்தில் எவ்வளவு ரீடச் என்பதை யார் சொல்வது? பதில் மழுப்பலாக இருந்தால் சம்பளம் நல்லதாக இருந்தாலும் யோசியுங்கள்.

அப்புறம், நேர்காணலுக்கு நீங்கள் எப்போதும் இருப்பது போலவே போங்கள். நான் அன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று அக்காவின் உடையும் காதணியும் போட்டுக்கொண்டு, கொஞ்சம் மையும் வைத்துக்கொண்டு போனேன். வேலை கிடைத்தது. அந்தக் காதணியைக் கழற்றிவிட்டு என் சட்டையில் அலுவலகத்துக்குப் போக எனக்கு எட்டு மாதம் ஆனது.