கழனித் தொட்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

காரைக்குடிக்காரன் நான். இரண்டு வருடமாகப் பினாங்கில் வேலை. போன வாரம் ஜார்ஜ் டவுனில் ஒரு புது ரெஸ்டாரண்டில் ‘செட்டிநாடு சிக்கன் லக்சா’ என்று போட்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே நம்ம ஊர் மிளகுக் கோழி. நாற்பது ரிங்கிட். மனசு கேட்கவில்லை. நம் அசல் உணவை இப்படிக் கலந்துகட்டிக் கெடுக்கலாமா? இதற்கும் புவிசார் குறியீடு வாங்கக் கூடாதா? ஊருக்கு வந்தால் அசல் சாப்பாடு எந்த மெஸ்ஸில் கிடைக்கும்?

மெய்., பினாங்கு

அன்புள்ள தம்பி,

மெஸ் பேர் சொல்ல மாட்டேன். நான் சொல்லி அனுப்பிய கடைகளில் அடுத்த மாதமே மாஸ்டர் மாறிவிடுகிறார். திட்டு எனக்கு வருகிறது. புவிசார் குறியீடு கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்தது. சேலைக்குக் கரை உண்டு, கட்டம் உண்டு. குழம்புக்கு எதைக் காட்டுவீர்கள்? விடுங்கள்.

இந்த ‘அசல்’தான் எனக்கு எரிச்சல். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கவுனி அரிசி போட்டிருப்பார்கள். முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டால் விடியும்போது தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி நிற்கும். அவித்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறினால் ஆச்சிமார் முகத்தில் ஒரு பெருமை வரும். அது பர்மாவிலிருந்து வந்த அரிசி. அன்னாசிப்பூ சீனத்துச் சரக்கு. மிளகாய் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. இவ்வளவையும் கழித்துவிட்டு உங்கள் அசலை ஒரு இலையில் போட்டுக் காட்டுங்கள், பார்ப்போம்.

நீங்கள் பினாங்கு என்று எழுதியதும் எனக்கு எங்கள் ஐயா ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவைப் பெற்றவர். செட்டியார் இல்லை, செட்டியார்கள் கடல் தாண்டிப் போய்த் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கிக்குச் சமைக்கப் போனவர். யுத்தத்துக்கு முன்னால் மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறினார். செட்டிநாட்டுச் சமையல் என்று பெருமை பேசுகிறவர்கள் வீட்டையும் தூணையும் பற்றிப் பேசுவார்கள். கரண்டி பிடித்த கையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கடல் தாண்டிய ருசியில் பாதி அந்தக் கைகள் வழியாகத்தான் ஊர் வந்தது. இதை நான் பத்து தடவை எழுதிவிட்டேன், பதினோராவது தடவையும் எழுதுவேன்.

ஐயா கிட்டங்கி அடுப்பை அணைத்ததும் துறைமுகப் பக்கம் நடந்துவிடுவாராம். அங்கே நம் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கிவந்து கூலியாட்களுக்கு விற்பார்கள். கம்புக்கு மலாயில் ‘கண்டார்’. அதுதான் இன்று நீங்கள் வரிசையில் நின்று வாங்கும் நாசி கண்டார். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின்மேல் ஊற்றச் சொல்வதற்கு ‘பஞ்சிர்’ என்பார்கள். வெள்ளம் என்று அர்த்தம்.

ஊர் திரும்பியும் ஐயாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பருப்பின்மேல் மீன் குழம்பை ஊற்றிப் பிசைவார். அப்பத்தா தலையில் அடித்துக்கொள்வாள்.

“இது வட்டிலா, கழனித் தொட்டியா?”

“நீ கழனித் தண்ணியிலதானே மண்டி வைக்கிறே? அது மட்டும் என்னவாம்?”

அப்பத்தா பதில் பேசவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் அவள் வைக்கும் வெண்டைக்காய் மண்டிக்குத் தெருவே கிண்ணம் ஏந்தி வரும். ஐயா இறந்தபின் வருடா வருடம் படைப்பன்று இலையில் பருப்பு ஊற்றி, அதன்மேலேயே மீன் குழம்பையும் ஊற்றினாள். முணுமுணுத்துக்கொண்டேதான்.

சரி, அந்த லக்சாவை வைத்தவர் யார், எந்த ஊர் ஆள் என்று கேட்டீர்களா? விலையை எழுதினீர்கள், மனசு நொந்ததை எழுதினீர்கள். நன்றாக இருந்ததா இல்லையா என்பதை மட்டும் எழுதவில்லையே தம்பி.