டஸ்கனி கூட்டத்துக்குப் பதில் அப்ருட்சோ

ரோமிலிருந்து இரண்டு நாள், பத்து வயதுப் பையனோடு, கூட்டமில்லாத மலைநடை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். டஸ்கனியை விடுங்கள், கிழக்கே அப்ருட்சோ என்ற மலைப் பிரதேசத்துக்குப் போங்கள். அங்கே பேருந்து குறைவு, அதனால் கார் வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

சான்டோ ஸ்டெஃபானோ டி செசானியோ என்ற மலைக் கிராமத்தில் தங்கி, சுமார் 1,460 மீட்டர் உயரத்திலுள்ள ரோக்கா கலாஷியோ கோட்டைக்கு நடந்தே போகலாம், பையனால் தாராளமாக முடியும். அடுத்த நாள் காம்போ இம்பெராத்தோரே: கண்ணுக்கெட்டியவரை புல்வெளி, நடுவே ஆட்டிறைச்சிக் குச்சிகளை வாங்கி அங்கேயே கரியடுப்பில் நாமே சுட்டுத் தின்னும் இடம், அதைத் தவறவிடவே கூடாது!

ஒன்று மட்டும் கவனம். மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும், அவற்றைத் தடவப் பையனை விடாதீர்கள், மந்தையை நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள். ஜூனிலும் மாலையில் குளிரும், அதனால் ஸ்வெட்டர் கட்டாயம்.