பஞ்சக் கப்பலின் மறுவடிவம் எதற்காக?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் லிஃபி ஆற்றில் நிற்கும் 'ஜீனி ஜான்ஸ்டன்' என்ற பாய்மரக் கப்பலை ஏன் புதிதாகக் கட்டினார்கள் என்பது கேள்வி.

மறைந்துபோன ஒரு கப்பலைப் பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டினால் அது மறுவடிவக் கப்பல். பஞ்சத்தில் நாட்டைவிட்டு வெளியேறியவர்களை ஏற்றிச் சென்று, 1858இல் கடலில் மூழ்கிய ஒரு கப்பலின் மறுவடிவம் இது.

1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் அழித்தது. ஏழைகளுக்கு அதுவே அன்றாட உணவாக இருந்ததால், தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்த ஆண்டுகளிலும் தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன என்பதை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

கப்பலேறிய ஏழைகளில் மிகச் சிலரே தம் பயணத்தை எழுதிவைத்தார்கள். ஆகவே அவர்கள் கிடந்த இடத்தையே மீண்டும் உருவாக்கிக் காட்ட வேண்டியிருந்தது. பாட்டன் வாழ்ந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்படுவது ஒன்று, அதன் தாழ்ந்த நிலைவாசலில் குனிந்து நுழைவது வேறு. அப்படித்தான் கீழ்த்தளத்தின் இருட்டில், பலர் நெருக்கிப் படுத்த குறுகிய பலகைகளின் முன்னே நிற்கும்போது, வெளியேறியவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்ற எண் மனிதர்களாக மாறுகிறது.

பஞ்சக் கப்பல்கள் யாவும் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்று பலர் எண்ணுகிறார்கள். 1847இல் பல கப்பல்களில் காய்ச்சல் பேரழிவு விளைவித்தது உண்மையே, ஆனால் மருத்துவர் ரிச்சர்ட் பிளென்னர்ஹாசெட் பணியாற்றிய மூல ஜீனி ஜான்ஸ்டன், 1848க்கும் 1855க்கும் இடையே 2,500க்கும் மேற்பட்டோரை வட அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றும், அதில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.