கிறிஸ்துமஸ் வாரத்தில் டிஸ்னி வேர்ல்டு: கேள்விகளும் என் பதில்களும்

ஆர்லாண்டோவிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு நாங்கள் ஆறு முறை போயிருக்கிறோம். அதில் மூன்று முறை, யாரும் போகாதே என்று சொல்லும் டிசம்பர் கடைசி வாரத்தில். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

டிசம்பர் 26 முதல் 30 வரை போகிறோம். கூட்டம் உண்மையிலேயே அவ்வளவு மோசமா? (சார்லட்)

மோசம்தான். ஆண்டிலேயே நெரிசல் மிகுந்த நாள்கள் அவை. டிக்கெட் விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 டாலர். தேதியை மாற்ற வழியிருந்தால் டிசம்பர் முதல் இரண்டு வாரங்களைப் பாருங்கள். அதே அலங்காரம், அதே மரங்கள், கூட்டம் மட்டும் குறைவு. ஆனால் அந்த நாள்கள் சிலவற்றில் மாலையில் தனி டிக்கெட் வைத்துக் கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறார்கள். அன்று சாதாரண டிக்கெட்காரர்கள் மேஜிக் கிங்டத்திலிருந்து சீக்கிரமே வெளியேற வேண்டும். வாணவேடிக்கை பார்க்கக் கிடைக்காது. அதற்குப் பதிலாகப் பகல் வரிசைகள் சற்றுக் குறைந்திருக்கும்.

9 வயது, 6 வயதில் இரண்டு பிள்ளைகள். ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது? (அட்லாண்டா)

காலை இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் முறை நாங்கள் விடுதியில் நிதானமாகச் சாப்பிட்டு, குளித்து, பத்தரை மணிக்கு உள்ளே நுழைந்தோம். மதியம் இரண்டு மணிக்குள் கிடைத்தவை இரண்டே சவாரிகள். மறுநாள் பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். பத்து மணிக்குள் நான்கு முடிந்தது. டிஸ்னியின் விடுதிகளில் தங்குபவர்களை அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுகிறார்கள். அந்த வாரத்தில் அந்த அரை மணிக்குத்தான் விடுதி வாடகையில் பாதியைக் கொடுக்கிறோம் என்பது என் கணக்கு.

காரில் வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மேஜிக் கிங்டத்துக்குக் கார் நிறுத்துமிடத்திலிருந்து நடப்பது வெகுதூரம். பெரும்பாலும் மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலை அடைவார்கள். திறக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே கார் நின்றிருக்கட்டும்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். கொடுத்த காசுக்குக் கடைசிவரை உள்ளேயே இருக்க வேண்டும் என்று சொல்பவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். மாலை நான்கு மணிக்கு என் சின்னவன் வரிசை நடுவே தரையில் உட்கார்ந்து அழுத பிறகு திருந்தினேன். தூங்கி எழுந்து ஐந்தரைக்குத் திரும்பினால் பிள்ளைகளும் புதிதாக இருப்பார்கள், விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும்.

காசு கட்டிக் குறுகிய வரிசையில் போகும் ‘லைட்னிங் லேன்’ வாங்கத்தான் வேண்டுமா? (டல்லஸ்)

மற்ற மாதங்களில் கேட்டிருந்தால் யோசித்துச் சொல்வேன். இந்த வாரத்தில் மேஜிக் கிங்டத்துக்கும் இன்னொரு பூங்காவான ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் வாங்கிவிடுங்கள். 2024 ஜூலையில் முறை மாறியது. அதன் ‘மல்டி பாஸ்’ வகையில் மூன்று சவாரிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். டிஸ்னி விடுதிகளில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்பு, மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பு, கிழக்கு நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். டல்லஸில் அது ஆறு மணி, அலாரம் வையுங்கள். முதல் சவாரியைக் காலையிலேயே வருமாறு எடுங்கள். அதைப் பயன்படுத்தியதும் அடுத்ததை எடுக்கலாம். மாலை நேரமாக எடுத்தவர்கள் நாளெல்லாம் அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள்.

கைக்குழந்தையும் பெரிய பெண்ணும் இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் சவாரி போக முடியுமா? (நியூஜெர்சி)

முடியும். உயரக் கட்டுப்பாடு உள்ள சவாரிகளின் வாசலில் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று கேளுங்கள். ஒருவர் குழந்தையுடன் வெளியே இருக்க, மற்றவர் போய்வருவார். பிறகு வெளியே இருந்தவர் முழு வரிசையில் நிற்காமல் போகலாம். உங்கள் பெரிய பெண்ணுக்கு இரண்டு சவாரி! அவள் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ., டிரானுக்கு 122 செ.மீ. அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள், அழுகையை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பா விவசாயி, முழங்கால் வலி. அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? (ராலே)

எப்காட் பூங்காவில் ‘லிவிங் வித் தி லேண்ட்’ என்றொரு படகுச் சவாரி உண்டு. பசுமைக்குடில்களுக்குள் காய்கறிப் பயிர்களுக்கு நடுவே மெதுவாகப் போகும். டிசம்பரில் விளக்கு அலங்காரமும் செய்கிறார்கள். என் மாமனார் இறங்கியதும் இன்னொரு முறை போகலாம் என்றார்; வேறு எதற்கும் அவர் அப்படிச் சொல்லவில்லை. மேஜிக் கிங்டத்தில் ‘கரூசல் ஆஃப் பிராக்ரஸ்’ என்ற மேடைக் காட்சியைப் பாருங்கள். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. இருக்கைகளே மேடையைச் சுற்றி நகரும். இருபது நிமிடம் குளிர்ச்சியில் உட்காரலாம்.

சக்கர நாற்காலியை நுழைவாயிலருகே வாடகைக்கு எடுங்கள். அப்பா வேண்டாம் என்பார். பத்தாயிரம் காலடி நடந்த பிறகு எடுப்பதைவிட முதலிலேயே எடுப்பது நல்லது.

சாப்பாடு கொண்டுபோகலாமா? நாங்கள் சைவம். (சான் ஆன்டோனியோ)

தாராளமாக. கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் கூடாது. சூடுபடுத்த வேண்டியதும் கடுமையான வாசனை உள்ளதும் கூடாது. பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம் எல்லாம் எங்களுடன் போய்வந்திருக்கின்றன. பானங்கள் விற்கும் உணவுக் கவுண்டர்களில் குளிர்ந்த குடிநீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட விரும்பினால் அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா உணவகம். இந்திய ரொட்டி வகைகளோடு பல தொக்குகள் வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். முன்பதிவு அவசியம்.

புத்தாண்டு வாணவேடிக்கைக்கு 31ஆம் தேதி மேஜிக் கிங்டம் போகலாமா? (டாம்பா)

30ஆம் தேதி போங்கள். வழக்கமாக அதே வேடிக்கையை முந்தைய நாள் இரவும் நடத்துகிறார்கள்.

என்ன உடை எடுத்துப்போவது? (சென்னையிலிருந்து வருபவர்)

பகலில் 22 டிகிரி இருக்கும், இரவில் 10க்கு இறங்கும், வடக்கிலிருந்து குளிர்காற்று வந்தால் அதற்கும் கீழே. கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.