இடி மழையிலும் பண்பலை தெளிவாகக் கேட்பது எப்படி? யார் கண்டுபிடித்தது?

பூப்பாறை எஸ்டேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: இடி இடித்தால் மத்திய அலை கரகரக்கிறது, கோடைக்கானல் வானொலியின் கோடை பண்பலை 100.5 மட்டும் எப்படித் தெளிவாக வருகிறது, இது யார் செய்த வேலை?

எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் செய்தது. மத்திய அலையில் குரலுக்கு ஏற்ப அலையின் உயரம் கூடிக் குறையும். மின்னலும் அந்த உயரத்தைத்தான் கலைக்கும். பாட்டு எது, இடி எது என்று வானொலிப் பெட்டிக்குப் பிரிக்கத் தெரியாது. ஆம்ஸ்ட்ராங் உயரத்தை அப்படியே விட்டுவிட்டு, குரலுக்கு ஏற்ப அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை, மாற்றினார். உயரத்தில் ஏறும் கலக்கத்தைப் பெட்டி வெட்டி எறிந்துவிடும். அகலமான அலைவரிசை கொடுத்தால் இரைச்சல் அடங்கும் என்று அவர் காட்டியதுதான் பெரிய விஷயம். 1933இல் காப்புரிமை கிடைத்தது.

அப்புறம், பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். கோடைக்கானல் உயரத்தில் இருப்பதால்தான் நம் இடுக்கி மலைகள் வரை எட்டுகிறது. குறுக்கே மலை நின்றால் அந்தச் சரிவில் சரியாக எடுக்காது.

முதல் உலகப் போரில் பாரிசில் பணியாற்றியபோது, 1918இல் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய சூப்பர்ஹெட்டரடைன் சுற்றுதான் (எந்த நிலையத்தின் அலையையும் ஒரே நடு அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்கும் மின்சுற்று) பல தலைமுறை வானொலிப் பெட்டிகளுக்கு அடிப்படை.

இவ்வளவு செய்தவரை நடத்திய விதம் கொடுமை. 1945இல் அமெரிக்க அரசு பண்பலைக்கு ஒதுக்கியிருந்த அதிர்வெண் வரிசையை மாற்றியதும் பழைய பெட்டிகள் பயனற்றுப் போயின. ஆர்.சி.ஏ. என்ற பெரிய அமெரிக்க வானொலி நிறுவனத்தோடு நடந்த காப்புரிமை வழக்கில் பணமும் நிம்மதியும் கரைந்தன. 1954இல் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் விடாமல் வழக்குகளை நடத்தினார். மோட்டோரோலா நிறுவனத்துக்கு எதிரான கடைசி வழக்கிலும் 1967இல் வென்றார்.