தொல்லியல் எச்சங்களைப் புரிந்துகொள்ள இன்றைய கைவினைஞர்களும் மலைவாழ் மக்களும் உதவ முடியுமா? அவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

நிச்சயமாக உதவ முடியும். தங்கள் கையால் செய்கிற வேலையைப் பற்றி அவர்கள் சொல்வதை முதன்மைச் சான்றுக்கு நிகராக மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்ன நடந்தது என்று அவர்களிடமே கேட்டால் மட்டும், நம் விருப்பத்தை அவர்கள் வாயால் சொல்லவைத்தவர்களாகிவிடுவோம்.

நான் சேலத்துக்காரன் என்பதால் இரும்பிலிருந்தே தொடங்குகிறேன். மேட்டூர் அருகே தெலுங்கனூரிலும் மாங்காட்டிலும் கிடைத்த இரும்புப் பொருள்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. கஞ்சமலையின் காந்த இரும்புத் தாது உலகறிந்தது. அந்த மலையை ஒட்டிய ஊர் ஒன்றின் கொல்லுப்பட்டறையில் உட்கார்ந்து வேலையைக் கவனித்தபோது, எந்த அறிக்கையும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டாத ஒன்றைக் கண்டேன். பழுக்கக் காய்ந்த இரும்பைப் பட்டடை என்னும் அடிகட்டையில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது, மீன்செதில் போன்ற மெல்லிய கருந்தகடுகள் தெறித்து விழுகின்றன. அவை பட்டடையைச் சுற்றி அடர்த்தியாகவும், விலக விலக அரிதாகவும் படிகின்றன. அடிப்பவர் நிற்கும் இடத்தில் மட்டும் மண் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. பட்டடையை எடுத்துச் சென்று, கூரை சரிந்து, ஊரே அழிந்தாலும் அந்தச் செதில்கள் மண்ணில் தங்கும். அகழாய்வில் தளத்து மண்ணைச் சிறு சிறு கட்டமாக எடுத்துக் காந்தத்தால் துழாவினால், பட்டடை இருந்த இடத்தையும் கொல்லர் நின்ற திசையையும் மீட்க முடியும். பட்டறையை ஒருமுறையும் பார்க்காதவர் அந்த மண்ணை வெறும் கருமண் என்று வாரிக் கொட்டிவிடக்கூடும்.

அங்கிருந்த பெரியவரிடம், இரும்பு வேலையில் கழிவாக உறையும் கிட்டத்தின் இரண்டு துண்டுகளைக் காட்டினேன். அடிப்பக்கம் கிண்ணம்போல் குழிந்திருந்ததைக் கையில் வாங்கியதும், "இது நம்ம உலையடியில உட்கார்றதுதான் தம்பி" என்றார். வழிந்து உறைந்த தாரைகள் கொண்ட மற்றதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி எங்க உலையில ஓடினதே இல்லீங்களே" என்று திருப்பித் தந்தார். அந்த மறுப்பு எனக்குப் பெரிய பாடம். அப்படி வழிந்தோடும் கிட்டம் தாதுவை உருக்கும்போது வருவது; அந்தத் தொழில் இங்கே எப்போதோ நின்றுவிட்டது. அவர் அடிப்பது லாரியின் பழைய வில்பட்டையை. ஆகவே உருக்குலையைப் பற்றி அவரை வற்புறுத்திக் கேட்பது முறையல்ல. அதற்கு, தொழில் உயிரோடிருந்தபோது எழுதப்பட்ட குறிப்புகளையே நாட வேண்டும். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஆங்கிலேயர் ஹீத், தேனிரும்பை (கரி மிகக் குறைந்த மெல்லிரும்பை) ஆவாரங்குச்சியோடு மண்மூசையில், அதாவது உருக்கும் மண்குப்பியில் இட்டு, எருக்கிலையால் மூடி எஃகாக்கிய முறையைப் பதிவு செய்திருக்கிறார். கரிச்சத்தை (கார்பனை) இரும்பில் ஏற்றியது அந்தக் குச்சியும் இலையும்தான்.

மக்கள் ஒரு பொருளை இன்று எப்படி நடத்துகிறார்கள் என்பது வேறு வகைச் சான்று. இதில்தான் குழப்பம் அதிகம். சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்தின் வழவழப்பான கற்கோடரிகளை அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் திரட்டிப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொல்லியல் ஆய்வாளர் புரூஸ் ஃபுட் காலத்திலேயே குறித்திருக்கிறார்கள். இதைக் கொண்டு, கோடரியைச் செய்தவர்களும் அதை வணங்கினார்கள் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதே நேரம், வழிபாட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் பெரும் தவறு. நிலத்தைக் கொத்தி உழுது சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்கள் கண்டெடுத்ததால்தான் அந்தக் கற்கள் கவனிக்கப்பட்டன, கோயிலில் சேர்த்ததால்தான் பல தப்பிப் பிழைத்தன. ஒரே இடத்தில் கோடரிகள் குவிந்து கிடந்தால், அது செய்த இடமா, பிற்காலத்தவர் திரட்டி வைத்த இடமா என்று கேட்கும் பழக்கத்தையும் அந்தக் கோயில்களே நமக்குத் தருகின்றன.

எனவே மலைக்குப் போகிறவர்கள் அந்தக் கல் எந்தக் காட்டில், எந்தப் பட்டத்து உழவில் வெளிப்பட்டது, யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேளுங்கள். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் அறிக்கையில் சேருங்கள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு உடன் வந்தால் அந்த நாளின் கூலியைக் கொடுங்கள். படம் எடுக்கவும் அளக்கவும் ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி பெற்று, கல்லை அது இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அது அவர்களுடைய சாமி.